ஒரே நம்பரில் இரண்டு டி.சி.

உங்களை யாராவது நேருக்கு நேர் திருடன் என்று சொல்லியிருக்கிறார்களா? என்னை வாயால் யாரும் சொன்னதில்லை. 2012 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, டீ டம்ளரை என் மேஜையில் 'ணங்' என்று வைத்த விதத்திலேயே அதைச் சொன்னார். டீ சிந்தியது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பி.காம். முடித்த கையோடு, அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தையல் யூனிட்டில் கணக்கு எழுதச் சேர்ந்திருந்தேன். எழுதுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தட்டுவதுதான். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் துணியை வெட்டி பீஸாக அனுப்பும். நாங்கள் ஓவர்லாக், பேட்லாக் அடித்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். பீஸுக்கு இத்தனை என்று கூலி. பண்டல் வாசலைத் தாண்டும்போது கூடவே ஒரு டெலிவரி சலான் போகும். சுருக்கமாக டி.சி. வாரக் கடைசியில் டி.சி.க்களைக் கூட்டினால் பில். பில் போனால் பணம். பணம் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குச் சம்பளம். அந்த வாரம் சம்பளத்தோடு தீபாவளி போனஸும் சேர்ந்து நின்றது.

நேரமும் நல்ல நேரமில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை ஐகோர்ட் உத்தரவு போட்ட பிறகு, ஊரே ஆர்டர் இல்லாமல் இளைத்துப் போய், அப்போதுதான் மெல்லத் தேறிக்கொண்டிருந்தது. எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு ஒரு பில் விட்டுப்போனால் ஒரு வாரச் சோறு விட்டுப்போன மாதிரி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது விண்டோஸ் எக்ஸ்.பி. வயதாகி, பெருமூச்சு விட்டு, ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. புதியது விண்டோஸ் 7. பழைய அக்கவுண்ட்ஸ் பாக்கேஜையே அதிலும் ஏற்றினார்கள். பழைய டேட்டாவையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசி டி.சி. நம்பர் 97. சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் ஆயிற்று. ஒரே ஒரு சின்ன மாற்றம். முதலாளி அண்ணன், "ஆளுக்கொரு பாஸ்வேர்டு வெச்சுக்கங்க, நாளைக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடக்கூடாது பாருங்க" என்றார். பகலில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஒரு லாகின். மத்தியானத்துக்கு மேல் வந்து ராத்திரி வரை இருக்கும் அடியேனுக்கு ஒரு லாகின்.

பழி வரக்கூடாது என்று செய்த அந்த ஏற்பாடுதான் பழியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஸ்டோர்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் இரண்டு டி.சி. இரண்டிலும் நம்பர் 118. ஒன்றில் 640 பீஸ். இன்னொன்றில் 1,150 பீஸ். தேதி வேறு வேறு.

"ஏனுங்க, ஒரே நம்பர்ல ரெண்டு டி.சி. வருதுங்களே. இதுல எதுங்க நெசம்?"

முதலாளி கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். 118 என்று தட்டினால் 640 பீஸ்தான் இருந்தது. 1,150-ஐக் காணோம். அதை அனுப்பியது அக்கா.

"நான் போட்டனுங்ணா. என் கையால போட்டு, பிரிண்ட் எடுத்துத்தான் வண்டில ஏத்துனேன். மாகாளியம்மன் மேல சத்தியமுங்க."

"அப்ப இதுல ஏன் காட்டல?"

அந்தக் கேள்வி என்னைப் பார்த்து வந்தது. ஏனென்றால் வாரா வாரம் பில் போடுகிறவன் நான். என் கணக்கில் வராத பீஸுக்கு பில் போகாது. பில் போகாத பீஸ் எங்கே போகிறது? காதர்பேட்டையில் பீஸ் விற்க ஆளா இல்லை? இவ்வளவையும் முதலாளி சொல்லவில்லை. டீ டம்ளர் சொல்லிற்று. இரண்டு வாரமாக பில் தொகை குறைந்ததை அவர் வேலை மந்தம் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார். இப்போது வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தார்.

காப்பாற்றியது முதலாளியின் அக்கா மகன். கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வந்திருந்தான். காதில் பாட்டு, வாயில் முறுக்கு. "தள்ளுங்க மாமா" என்று உட்கார்ந்தான். என் லாகினில் டி.சி. பட்டியலைத் திறந்தான். கடைசி நம்பர் 124. அதை மூடிவிட்டு அக்காவின் லாகினில் திறந்தான். கடைசி நம்பர் 151. ஒரே கம்ப்யூட்டர், ஒரே பாக்கேஜ், ஒரே கம்பெனி. கணக்கு மட்டும் இரண்டு.

பிறகு டேட்டா ஃபைலின் பெயரைப் போட்டு டிஸ்க் முழுக்கத் தேடச் சொன்னான். மூன்று கிடைத்தன! ஒன்று, பாக்கேஜ் ஏற்றிய இடத்தில், ஆயுத பூஜை தேதியோடு, 97-ஆம் நம்பரில் அப்படியே உறைந்து போய் இருந்தது. இன்னொன்று என் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள், எங்கோ பாதாளத்தில். மூன்றாவது அக்கா பெயரில், அதே மாதிரி பாதாளத்தில். 98-லிருந்து எங்கள் டி.சி. ஒவ்வொன்றும் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்திருக்கிறது. பெரும்பாலும் வேறு வேறு பார்ட்டிக்குப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. 118 மட்டும் ஒரே வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டது.

இரண்டு கணக்கு நோட்டு வைக்கிறவர்கள் அதற்குத் தனியாக ஆள் போட்டுச் சிரமப்படுவார்கள் என்று கேள்வி. எங்களுக்கு அதை கம்ப்யூட்டரே இலவசமாகச் செய்து கொடுத்திருந்தது.

*

எப்படி நடந்தது என்பதை அப்போது எனக்கு அந்தப் பையன் சொன்னது பாதி புரிந்தது. மீதியைப் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

டாஸ் காலத்தில் ஒரு புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ, அதிலேயே தன் டேட்டாவையும் எழுதிக்கொள்ளும். ஒற்றை அறை வீட்டில் அடுப்பு, கட்டில், அரிசி மூட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி. ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு வம்பும் இல்லை. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது புரோகிராம்களுக்கென்று 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று தனி ஃபோல்டர் வந்தது. பழக்க தோஷம், எல்லோரும் டேட்டாவையும் அங்கேயே கொட்டினார்கள்.

விண்டோஸ் 2000 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிப் பார்த்தது: "அப்பா, புரோகிராம் வேறு, டேட்டா வேறு. டேட்டாவுக்கு வேறு இடம் வைத்திருக்கிறோம், அங்கே எழுதுங்கள்." யார் கேட்டார்கள்? எக்ஸ்.பி.யில் பெரும்பாலும் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். வைரசும் அதே மாதிரி எங்கே வேண்டுமானாலும் எழுதிற்று.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது கதவைச் சாத்தினார்கள். சாதாரண லாகினில் இருக்கிறவர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. படிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஊர் முழுக்கப் பழைய பாக்கேஜ்கள் இருக்கின்றனவே, அவை 'எழுத முடியவில்லை' என்று செத்து விழுமே? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய புரோகிராம் அங்கே எழுத வந்தால், "எழுதிக்கோ ராஜா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, நைசாக அந்த ஃபைலை அந்த லாகின்காரரின் சொந்த ஃபோல்டருக்குள், 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற ரகசிய அறையில் நகல் எடுத்து வைத்து, அதில் எழுத வைப்பது. அடுத்த முறை படிக்க வந்தாலும் அந்த நகலையே எடுத்துக் காட்டுவது. புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிறவருக்கும் தெரியாது. இது தற்காலிக ஏற்பாடுதான், நம்பி உட்காராதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்தது. விண்டோஸ் 7-லும் அது தொடர்ந்தது.

ஒரே ஆள் உபயோகித்தால் இது புண்ணியம். இரண்டு பேர் உபயோகித்தால், ஆளுக்கொரு நகல், ஆளுக்கொரு உலகம். அக்கா உலகத்தில் 1,150 பீஸ். என் உலகத்தில் 640. இரண்டும் சத்தியம்.

யாரைக் குற்றம் சொல்வது? பாக்கேஜ் எழுதியவர் பழைய காலத்துக்கு எழுதினார். ஏற்றியவர் எப்போதும் போல ஏற்றினார். முதலாளி பாதுகாப்புக்குத்தான் லாகினைப் பிரித்தார். 'இந்த பாக்கேஜ் தன் டேட்டாவை எங்கே எழுதுகிறது?' என்று கேட்க மட்டும் அந்த ஆபீசில் ஆள் இல்லை, பி.காம். படித்த என்னையும் சேர்த்து.

*

இந்தப் பக்கத்தைப் படிக்கிற இளைஞர்களில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களும் உண்டு, அதை விற்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக, திருப்பூர் பாஷையில் ஒரு விளக்கம்.

மெஷின் வாடகைக்கு வருகிறது. பீஸ் பார்ட்டியுடையது. மெஷின் ரிப்பேர் ஆனால் வேறு மெஷின் வரும். பீஸ் தொலைந்தால் வேறு பீஸ் வராது. ஆகவே எந்த டெய்லரும் தைத்த பீஸை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டமாட்டார். புரோகிராம் மெஷின், டேட்டா பீஸ். புரோகிராமைத் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம். 98-ஆம் நம்பர் டி.சி.யை எந்த வெப்சைட்டிலிருந்து டவுன்லோட் பண்ணுவீர்கள்?

யூனிக்ஸ் வழி வந்தவர்களுக்கு இது பால பாடம். லினக்ஸில் எது எங்கே இருக்க வேண்டும் என்று 1994-லேயே ஒரு பொது ஒழுங்கு எழுதி வைத்தார்கள். புரோகிராம்கள் ஒரு பக்கம், அதை எழுத முடியாதபடி பூட்டிக்கூட வைக்கலாம். மாறிக்கொண்டே இருக்கிற டேட்டாவுக்கு 'வார்' என்று தனி இடம், 'வேரியபிள்' என்பதன் சுருக்கம். ஆளுக்கு ஆள் சொந்தச் சாமான் வைக்க 'ஹோம்'.

விண்டோஸிலும் இடங்கள் இருக்கின்றன. எதை எங்கே வைப்பது என்று முடிவு பண்ண ஒரே ஒரு கேள்வி போதும்: இது யாருடையது?

எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டும், கலர் நீலமாக இருக்க வேண்டும், கடைசியாக எந்தக் கம்பெனியைத் திறந்தேன்... இவையெல்லாம் ஒரு ஆளின் சொந்த விருப்பம். அவரவர் பெயரில் இருக்கிற 'ஆப் டேட்டா' ஃபோல்டருக்குப் போகட்டும். அக்காவின் நீலம் எனக்கு வேண்டாம்.

டி.சி., பில், லெட்ஜர் எல்லாம் கம்பெனியுடையது. அக்காவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அது பொது இடத்துக்குப் போக வேண்டும். 'புரோகிராம் டேட்டா' என்று ஒரு பொது ஃபோல்டர் இருக்கிறது. இதில் இரண்டு பள்ளம். ஒன்று, அது மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, அங்கே ஒருவர் உண்டாக்கிய ஃபைலை மற்றவர் படிக்கலாமே தவிர, சும்மா விட்டால் திருத்த முடியாது. பாக்கேஜை ஏற்றும்போதே தன் ஃபோல்டருக்கு மட்டும் 'எல்லோரும் எழுதலாம்' என்று அனுமதி வாங்கி வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க, சரியாயிடும்" என்று போனில் வைத்தியம் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை என்றால் சுவரை இடிக்கச் சொல்கிற வைத்தியம்.

'டாக்குமெண்ட்ஸ்' கண்ணுக்குத் தெரியும், நல்லதுதான். ஆனால் அது ஒரு லாகினுக்கு உரியது. போதாததற்கு இப்போதெல்லாம் ஒன்டிரைவ் அதைத் தூக்கி ஆகாயத்தில் வைத்துக்கொள்கிறது. கடிதத்துக்குச் சரி. திறந்து வைத்து நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுகிற கணக்கு ஃபைலை, இன்னொருவர் பக்கத்தில் நின்று நகலெடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்குகிற டாலியைப் பாருங்கள். அதன் பிறப்பிலேயே ஜவுளி வாசனை உண்டு. ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் மில்களுக்கு மூலப்பொருளும் மெஷின் பாகங்களும் சப்ளை செய்துவந்தார். தன் கணக்குக்கு ஏற்ற சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதப் பட்டதாரியான மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் கம்பெனி ஆரம்பமாயிற்று. 2020-ல் வந்த டாலி பிரைம், தன்னை 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே வைத்துக்கொள்கிறது. டேட்டாவை, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், எல்லா லாகினுக்கும் பொதுவான 'பப்ளிக்' ஃபோல்டரில் வைக்கிறது. முக்கியமாக, புதுக் கம்பெனி உண்டாக்கும்போது அந்த இடத்தைத் திரையிலேயே காட்டுகிறது. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பாதி வைத்தியம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதனால் என் கட்சி இது. பொது இடத்தில் வை. எல்லோரும் எழுத அனுமதி கொடு. எங்கே வைத்தாய் என்று முதல் திரையில் எழுதிக் காட்டு. பாக்கேஜை நீக்கினாலும், கேட்காமல் டேட்டாவைத் தொடாதே. இந்த நாலும் செய்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு செக் எழுதுவேன். (செக் முதலாளியுடையது.)

*

இதற்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு: ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ஆம் தேதி வந்த பிறகு, கணக்குப் புத்தகங்களை அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாசம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். ஆறு வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டர் செத்து இன்னொன்று வரும். இடையில் ஒரு நாள் சர்வீஸ் தம்பி வருவார். "ஃபார்மட் போட்டாத்தான்ணா ஆகும்" என்பார். "டெஸ்க்டாப்ல இருந்ததெல்லாம் காப்பி எடுத்துட்டேன்" என்பார். நல்ல பையன், நிஜமாகவே எடுத்திருப்பார். மறைந்த ஃபோல்டருக்குள் இருந்த மூன்று வருஷக் கணக்கு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்?

செல்போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்பை நீக்கினால், தன் சொந்த அறைக்குள் அது வைத்திருந்த சாமானும் கூடவே போகும். கேலரியில் போட்ட படம் தப்பிக்கும்.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லவில்லையே. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எங்களுக்குக் கர்ண பரம்பரை. ஒவ்வொரு டி.சி.க்கும் கார்பன் காப்பி எடுத்து அக்கா கம்பியில் குத்தி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் வாசிக்க, அவர் தட்ட, 98-லிருந்து எல்லாவற்றையும் ஒரே கணக்கில், புது நம்பரில் ஏற்றினோம். இந்தத் தடவை டேட்டாவை, டி டிரைவில், பெயர் எழுதிய ஒரு பொது ஃபோல்டரில் வைத்துக் கொடுத்தான் அந்தப் பையன். விட்டுப்போன பீஸ் எல்லாவற்றுக்கும் பில் போட்டு, சனிக்கிழமை காலையில் முதலாளியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் சம்பளமும் போனஸும் தடங்கல் இல்லாமல் நடந்தது.

முதலாளி மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் என் மேஜைக்கு வந்தார். டீ டம்ளரை மேஜையில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார். "சூடா இருக்குது, பாத்துக் குடி தம்பி" என்றார். எனக்குப் போதுமானதாக இருந்தது.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கம்பெனிக் கணக்கு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பக்கத்து சீட்காரரைக் கேளுங்கள். அவர் "கம்ப்யூட்டர்லதான்" என்று சொன்னால், அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்துவிடுங்கள்.

அக்கா கண்டுபிடித்த வழி இன்னும் சுலபம். அடுத்த ஆயுத பூஜைக்கு சி.பி.யூ. மேல் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டி, டேட்டா இருக்கும் இடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். பிறகு அதன் மேல் சந்தனம் வைத்தார்.

"கம்ப்யூட்டருக்கு வெச்சா கம்ப்யூட்டரோட போயிருமுங்க தம்பி. இதுக்குத்தான் வெக்கோணும்."